திரைக்குப் பின்னால் இன்னொரு திரை

மகன்,

போன ஞாயிறு நீ ரெலிபோன் எடுத்து, சோஃபி இரண்டு நாளாக உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை என்று சொன்னபோது, கல்யாணக் காரியம் ஏதோ பிழைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தாலி கட்டுவது முதலா, அவர்களுடைய தேவாலயத்துக்குப் போவது முதலா என்று இன்னும் முடிவாகாத விஷயங்கள் இருக்கின்றனவே. பிறகு நீ சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொன்னாய். டவுன்டவுனில் பழைய படங்கள் போடுகிற தியேட்டர் ஒன்றுக்கு அவள் உன்னைக் கூட்டிப்போயிருக்கிறாள். படிக்கிற காலத்திலிருந்து அவள் உயிராக நேசிக்கிற படமாம். நீ பாதியில் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாய். வெளியே வந்ததும் "இது படமில்லை, ஏமாத்து வேலை" என்று சொல்லியிருக்கிறாய். படத்தின் பெயரை நீ சொன்னதும் நான் கதிரையில் இருந்துவிட்டேன். அதோடு நீ ஒரு கேள்வியும் கேட்டாய்: "இந்தப் படத்துக்கு நீங்களும் அப்பாவும் சண்டை பிடிச்சனீங்களாம். அப்பா ஒருக்காச் சொன்னவர். உண்மையோ?" ஓம் என்றேன். பேந்து ஒருநாள் சொல்லுறன் என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டேன். அந்தப் 'பேந்து'தான் இந்தக் கடிதம். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். அது நல்லது. இதை ஆறுதலாக வாசிக்கவேண்டும்.

நாங்கள் மொன்றியலுக்கு வந்து இரண்டாவது பனிக்காலம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணருடைய பங்களாவின் நிலக்கீழ்த் தளத்தில் குடியிருந்தோம். சன்னல், நிலத்தோடு நிலமாக இருக்கும்; பனி கொட்டினால் பகலிலும் அறைக்குள் பால் நிறத்தில் ஒரு வெளிச்சம் நிற்கும், நீருக்குள் இருப்பதுபோல. அப்பாவுக்கு டவுன்டவுனில் ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. எனக்குத் தையல் தொழிற்சாலையில் கொலர் தைக்கிற வேலை. கொலர் மட்டுந்தான். முழுச் சட்டை ஒன்றை நான் அங்கே கண்டதேயில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் உன்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, மஞ்சள் லைன் மெற்றோவில் ஆற்றுக்குக் கீழாகப் போய், ஒரு தேவாலயத்து மண்டபத்தில் பிரெஞ்சு படித்தோம். அகதி வழக்கு எப்போது முடியும், எங்களை இருக்கவிடுவார்களா திருப்பி அனுப்புவார்களா என்று ஒருவருக்கும் தெரியாத காலம். மண்டபத்தில் இருந்த எல்லோரும் பாதி எழும்பிய நிலையில் இருப்பவர்களைப்போல, ஜக்கற்றைக்கூடக் கழற்றாமல் இருப்பார்கள்.

எங்களுக்குப் படிப்பித்தவ லலிதா ரீச்சர். தமிழ்நாட்டுக்காரி, கணவர் இங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அந்த அம்மா காசு ஒன்றும் வாங்காமல், யாரும் கேட்காமல், தானாக வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவ. ஒருநாள் வகுப்பில், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாஷை வராது, காது பழகவேண்டும், அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் ஒரு பிரெஞ்சுப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றா. வசனம் குறைவான படம், அதனால் சுலபமாக விளங்கும் என்று யாரோ அவவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வசனம் குறைவு என்றது உண்மை.

அந்தப் படத்தை நீ பாதிதான் பார்த்தாய் என்பதால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு இளம்பெண் சின்னப் பெட்டியோடு, பனிக்காலத்தில் ஆளில்லாத ஒரு கடற்கரைப் பட்டினத்தில் பஸ்ஸால் இறங்குகிறாள். அவளுடைய அக்கா அங்கே பெரிய நாடகக் கொட்டகை ஒன்றில் பாடகியாகப் போனவள். கொஞ்சக் காலமாகச் சேதி இல்லை. அக்காவைத் தேடி வந்திருக்கிறாள். ஆனால் அந்த ஊரில் சந்திக்கிற எல்லோரும் இவளை அக்காவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். விடுதிக்காரர் இவள் கேட்கமுதலே ஒரு சாவியை எடுத்து நீட்டுகிறார். நடைபாதையில் ஒரு ரெலிபோன் அடிக்கிறது. எடுத்துக் காதில் வைத்தால் தூரத்தில் ஏராளம் பேர் கைதட்டுகிற சத்தம். கொட்டகைக்குப் போகிறாள். திரை மேலே போகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு திரை, வேறு நிறத்தில். அதுவும் போக, இன்னொன்று. ஒவ்வொரு திரைக்கும் சனம் கைதட்டுகிறது, ஆட்டம் தொடங்கியதாகவே இல்லை. கடைசிப் பகுதியில், வெறுமையான அந்தக் கொட்டகையின் மேடையில் நின்று அவளே ஒரு பாட்டு முழுவதையும் பாடுகிறாள். பிறகு ஒப்பனைக் கண்ணாடிக்கு முன்னால் போய் இருக்கிறாள். வெளியிலிருந்து யாரோ அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "வாறன்" என்று பதில் சொல்கிறாள். இருட்டு. அவ்வளவுதான் படம்.

முதல் திரைக்குப் பின்னால் இரண்டாவது வந்தபோதே முன் வரிசையிலிருந்த ஒரு தம்பதி எழும்பிப் போய்விட்டது. ரெலிபோன் அடித்த கட்டத்தில் இன்னும் பலர். ஒருவர் கதவடியில் நின்று திரையைப் பார்த்து ஏதோ ஏசிவிட்டுப் போனார். அந்தப் பிரெஞ்சு மட்டும் எங்கள் வகுப்புக்கு நன்றாக விளங்கியது. அதேநேரம் எங்களுக்குப் பின்னால் ஒரு வயதான மனிதர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதுகொண்டிருந்தார். ஒரே படத்துக்கு ஒரே மண்டபத்தில் இப்படி இரண்டு விதமாகச் சனம் பிரிந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அப்பா எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அந்தப் பெண் கண்ணாடிக்கு முன்னால் போய் இருந்ததும் திடீரென்று எழும்பினார். "நான் வெளியில நிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் போகவில்லை. என்னால் எழும்ப முடியவில்லை என்பதுதான் சரி. என்னுடைய விரல் தானாகக் கன்னத்துக்குப் போய், அங்கே பவுடர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே பொடிப்பனி. அப்பா நடைபாதையில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றார். ரீச்சர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டா. "ஏதோ லேசான படம்னு நெனச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றா. நான் அவவுடைய கையைப் பிடித்து, நல்ல படம் ரீச்சர் என்றேன். அவவுக்கு அதை நம்ப முடியவில்லை. மெற்றோவில் அப்பா, பைத்தியக்காரர் எடுத்த படம் என்றார். வாழ்நாளில் நான் பார்த்த ஆகத் திறமான படம் என்றேன் நான். அதில் என்ன இருக்கிறது சொல்லும் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாத கோபம் பொல்லாத கோபம். வீட்டுக்கு வந்து நீ நித்திரையான பிறகும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். நீ கேள்விப்பட்ட சண்டை இதுதான். ஆனால் சண்டை படத்துக்காக அல்ல.

நான் ஒரு படத்தில் கதாநாயகியாக நடித்தவள் என்பது உனக்குத் தெரியும். வீட்டில் அது ஒரு பகிடிக் கதையாகத்தான் ஓடித்திரிந்தது. உன் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால், "நட்சத்திரம் தேத்தண்ணி தருமோ?" என்று கேட்பா. நானும் சிரிப்பேன். அது பகிடியல்லாத காலம் ஒன்று இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. திருகோணமலையில் பள்ளிக்கூட நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் சினிமாக் கொம்பனிகளில் சில வருஷம் எடுபிடியாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த ஒரு இளைஞர், எங்கள் கடலை வைத்து, எங்கள் பேச்சை வைத்து, எங்கள் ஆட்களை வைத்து ஒரு படம் எடுக்கப் புறப்பட்டார். ஊரில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி அதற்குப் பணம் போட்டார். என் நாடகத்தை அந்த இளைஞர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டார். அம்மாவும் கூட வருவா என்ற நிபந்தனையில் ஐயா சம்மதித்தார்.

படப்பிடிப்பு எல்லாம் உப்புவெளிக் கடற்கரையில். ஒருநாள் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று எங்கிருந்தோ வந்து, என் தலைக்கு வைத்திருந்த கடதாசிப் பூவைத் தின்றுவிட்டுப் போனது. அன்றைக்கு வேலை நடக்கவில்லை, எல்லோரும் சிரித்தே களைத்தோம். ஜெனரேற்றரையும் லைற்றையும் பார்த்துக்கொண்ட பொடியன் மெலிந்த, பேசாத பொடியன். அவன்தான் உன் அப்பா. அந்த மாதங்களில் என்னோடு அவர் பேசியது "தங்கச்சி, கொஞ்சம் இங்கால நில்லுங்கோ, நிழல் விழுது" என்ற ஒரு வசனந்தான். நான் அந்த நாட்களில் நடந்து திரியவில்லை, மகன், மிதந்து திரிந்தேன். கொழும்பில் பெரிய சுவரொட்டியில் என் முகம் இருப்பதுபோல, மழை அதை நனைக்காமல் வழிந்துபோவதுபோலக் கனவு வரும்.

படத்தின் முக்கியமான கட்டத்தை அந்தச் சுற்றுப் படப்பிடிப்பின் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். கடலுக்குப் போன தம்பியின் தோணி திரும்பி வருகிறது. அக்கா தூரத்தில் கண்டு சிரிக்கிறாள். தோணி கிட்ட வர, அதற்குள் தம்பி இல்லை. சிரிப்பிலிருந்து அழுகைக்கு வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் போகவேண்டும். பொழுதுபடுகிற நேரம், கடல் செம்பு நிறம். நான் நடித்தேன். அது முடிந்ததும் டைரக்டர் வந்து என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். இதுதான் நடிப்பு, இதற்குத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறினேன். பிறகு தீபாவளி கழிய மிச்சம் எடுப்போம் என்றார்கள். பிறகு தைப்பொங்கல் என்றார்கள். பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. டைரக்டர் அரபு நாட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. எடுத்த பிலிம் கொழும்பில் ஒரு லாப்பில் கிடந்ததாம். எரிந்ததா, குப்பைக்குப் போனதா தெரியாது. என் முகத்தின் ஒரு அங்குலத்தைக்கூட நான் திரையில் கண்டதில்லை. சில வருஷம் கழித்து அந்த லைற்காரப் பொடியனின் வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி வந்தார்கள். நான் ஓம் என்றேன். படம் எடுத்த ஆட்களில் ஊரில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதும் அந்த ஓமுக்குள் கொஞ்சம் இருந்தது.

படம் பார்த்த அடுத்த சனிக்கிழமை, லலிதா ரீச்சர் வகுப்பில் புது வேலை ஒன்று தந்தா. அந்தப் படத்தில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் எழும்பித் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லவேண்டும். மகன், அப்படி ஒரு வகுப்பு உலகத்தில் எங்கேயும் நடந்திருக்காது. மட்டக்களப்பிலிருந்து வந்த அருளப்பு அண்ணை, அந்தப் பட்டினத்தில் இருக்கிற எல்லோரும் செத்தவர்கள், அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது என்றார். ஒரு பெண், அக்கா என்று ஒருத்தி கிடையாது, பெட்டிக்குள் இருந்ததெல்லாம் அவளுடைய சொந்த உடுப்பு, நான் கவனித்தேன் என்றாள். இன்னொருவர், படச்சுருளை மாற்றிப் போட்டுவிட்டார்கள், பின்பாதி முதலில் வந்துவிட்டது என்று அடித்துச் சொன்னார். அதுவரை வாய் திறக்காத ஆட்களெல்லாம் தெரிந்த நாலு சொல்லையும் வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டினார்கள். சொல் தட்டுப்பட்ட இடத்தில் கையால் காட்டினார்கள். ரீச்சர் கரும்பலகையடியில் நின்று அதிசயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தா. அன்றைக்கு மண்டபத்தில் ஜக்கற் போட்டிருந்தவர் ஒருவருமில்லை.

அப்பாவின் முறை வந்தது. எழும்பினார். "பா த ஃபிலிம்" என்றார். பிலிம் இல்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இதெல்லாம் ஒரு படமேயில்லை என்று அவர் சொல்வதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். எனக்கு முகம் எரிந்தது.

திரும்பி வரும்போது மஞ்சள் லைனில் எதிரெதிரே இருந்தோம். எல்லாருக்கும் முன்னால் ஏன் பகிடி விட்டனீங்கள் என்று கேட்டேன். பகிடி விடவில்லை என்றார். வண்டி ஆற்றுக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. அந்த இடத்தில் காது கொஞ்சம் அடைக்கும், உனக்குத் தெரியும். அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அண்டைக்கு உப்புவெளியில, அந்தக் கடைசிக் காட்சிக்கு, கமெராவுக்குள்ள பிலிம் இருக்கேல்ல" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்கு முதல்நாளே பிலிம் முடிந்துவிட்டதாம். முதலாளி இனி ஒரு சதமும் தரமாட்டேன் என்று கையை விரித்துவிட்டாராம். காலையில் டைரக்டர் எல்லோரையும் திருப்பி அனுப்ப நினைத்திருக்கிறார். ஆனால் நான் பஸ்ஸால் இறங்கி, ஒப்பனையோடு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வருவதைக் கண்டதும் அவருக்கு வாய் வரவில்லை. எடுப்போம் என்று சொல்லிவிட்டார். வெறும் கமெராவை ஓடவிட்டார்கள். டைரக்டருக்கும் கமெராக்காரருக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். பாதியில் கமெராக்காரர் அப்பாவுக்குக் கையைக் காட்டினாராம், டீசல் வீணாகிறது, ஜெனரேற்றரை நிற்பாட்டு என்று.

"நான் நிப்பாட்டேல்ல" என்றார் அப்பா. "நீர் அப்ப சிரிச்சுக்கொண்டு நிண்டனீர். அழுறது இன்னும் வரேல்ல. அது வருமட்டும் லைற் வேணும் எண்டு நினைச்சன்."

வண்டி லொங்குய்யில் நின்றது. நான் அவருக்கு முன்னால் இறங்கி நடந்தேன். அதற்குப் பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை. தேத்தண்ணி வைத்தேன், சோறு போட்டேன், பேசவில்லை. என் வாழ்க்கையில் உண்மையாக நடந்தது என்று நான் நம்பியிருந்த ஒரே ஒரு பின்னேரத்தை அவர் எடுத்துக்கொண்டுபோய் ஆற்றுக்குக் கீழே போட்டுவிட்டதுபோல இருந்தது. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று ஒரு கோபம். இப்போது ஏன் சொன்னார் என்று இன்னொரு கோபம். தொழிற்சாலையில் கொலரைத் தைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த வெறும் கமெரா என் காதுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். எனக்குத் தெரியாமல் மூன்று ஆம்பிளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்ற நினைப்பு எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

அந்தக் கிழமை படத்தை மாற்றப்போகிறார்கள் என்று பத்திரிகையில் கண்டேன். தொழிற்சாலையில் மத்தியானத்தோடு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தனியப் போனேன். மண்டபத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள். இந்தமுறை நான் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கப் பார்க்கவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாளா, இவள்தான் அவளா, அந்தச் சாவி எந்த அறைக்கு என்று ஒன்றையும் கேட்கவில்லை. கனவில் நீ கேள்வி கேட்பதில்லையே. வாசலைத் திறந்தால் கடல் இருக்கிறது என்றால் காலை நனைத்துக்கொண்டு போகிறாய். அப்படிப் போனேன். சோஃபியும் அப்படித்தான் போகிறாள் என்று நினைக்கிறேன். அப்படிப் போனால் அந்தப் படத்தில் மர்மம் ஒன்றுமேயில்லை. ஒரு காலத்தில் தான் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்ட ஆளைத் தேடி, அந்த ஆள் இருந்திருக்கவேண்டிய ஊருக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். ஊருக்கு அவளைத் தெரிகிறது. அவளுக்குத்தான் தன்னைத் தெரியவில்லை. இது என்னுடைய விளக்கம். அருளப்பு அண்ணைக்கு வேறு.

ஆனால் நான் உனக்குச் சொல்லவந்த இடம் அந்தப் பாட்டு. முதல்முறை பார்த்தபோது, ஆளில்லாத கொட்டகையில் ஒருத்தி பாடுகிறாளே, கேட்க நாதியில்லையே என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டாம்முறை ஒன்றைக் கவனித்தேன். அவள் மேடையில் நடக்கிறாள். வலப்பக்கம் போகிறாள், திரும்பி இடப்பக்கம் வருகிறாள். அவளைச் சுற்றி விழுந்த வெளிச்சமும் அவளோடு போய் அவளோடு வருகிறது. அப்படியென்றால் மேலே ஒருவர் இருக்கிறார். கதிரைகள் எல்லாம் வெறுமையாக இருக்க, அந்த லைற்றை ஒருவர் கையால் திருப்பிக்கொண்டிருக்கிறார். படம் அந்த ஆளைக் காட்டுவதேயில்லை. ஒரு வசனத்தில்கூட அந்த ஆள் வருவதில்லை. ஆனால் பாட்டு முடியுமட்டும் வெளிச்சம் ஒரு இடத்திலும் பிந்தவில்லை. நான் அந்த இருட்டில் இருந்து அழுதேன், மகன். வெட்கம் போய்விட்டது. யாரும் பரிதாபப்பட்டு அப்படி லைற் பிடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு அன்றைக்கு லீவு. உன்னைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்தார். நீ தொட்டிக்குள் நின்று தண்ணீரை அடித்து அவருடைய சேர்ட்டெல்லாம் நனைத்திருந்தாய். நான் கதவடியில் ஜக்கற்றோடு நின்று கேட்டேன்:

"அண்டைக்கு நான் எப்பிடி நடிச்சனான்?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. உன் தலையைத் துவட்டியபடி யோசித்தார். பொய் சொல்ல யோசிக்கிற முகமல்ல அது.

"சிரிச்சது கொஞ்சம் நீளம்" என்றார். "பிலிம் இருந்திருந்தா டைரக்டர் குறைக்கச் சொல்லியிருப்பார். ஆனா அழத் தொடங்கேக்க நீர் கையை முகத்துக்குக் கொண்டுபோகேல்ல. எல்லாரும் முகத்தைப் பொத்துவினம். நீர் ரெண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு அப்பிடியே நிண்டனீர். எனக்கு லைற்றை ஆட்டாமப் பிடிக்கிறது பெரிய பாடாப் போச்சு."

எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். அதைவிடப் பெரிய பரிசு வாங்கிய நடிகை இருப்பாள் என்று நான் நம்பவில்லை. அந்தச் சிரிப்பு நீளந்தான் என்று பிறகு எனக்கும் பட்டது. அன்றைக்கு நாங்கள் வெகுநேரம் அந்தக் காட்சியைப் பற்றியே பேசினோம். எங்கே நின்றேன், காற்று எந்தப் பக்கத்தால் அடித்தது, தோணி ஓட்டிய கிழவர் எப்படி நடிக்க மறந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றெல்லாம். கல்யாணம் முடித்து அவ்வளவு காலமாக நாங்கள் பேசாதிருந்தது அது ஒன்றுதான். நான் தோற்றுப்போனவள் என்பதை எனக்கு ஞாபகப்படுத்தக்கூடாது என்று அவர் பேசவில்லை. அவர் அந்த வேலையை விட்டுவிட்டுக் கோப்பை கழுவ வந்தவர் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தக்கூடாது என்று நான் பேசவில்லை. இரண்டு பேரும் மற்றவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு பெரிய அறையைப் பூட்டி வைத்திருந்தோம். சோஃபியோடு நீ இதை மட்டும் செய்யாதே.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை மொன்றியலில் எங்கே போட்டாலும் போவோம். வழக்கு வென்று, அப்பா எலெக்ட்ரிக் வேலைக்கு இங்கத்தை லைசென்ஸ் எடுத்து, நீ பள்ளிக்கூடம் போய், எல்லாம் மாறிய பிறகும் போவோம். அப்பாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. இரண்டாவது திரை வருமுன்னமே நித்திரையாகிவிடுவார். குறட்டை விட்டால் நான் முழங்கையால் இடிப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் மட்டும் ஒவ்வொருமுறையும் கேட்பார்: "இந்தமுறையாவது அக்காவைக் கண்டுபிடிச்சாளோ?" எனக்கு வந்தபடி சொல்லுவேன். ஒருமுறை ஓம் என்பேன், ஒருமுறை இல்லை என்பேன், ஒருமுறை அக்கா இவளைத் தேடி வேறு பஸ்ஸில் போய்விட்டாள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

அவருக்கு உடம்பு வருத்தம் கடுமையாகமுதல், மூன்று வருஷத்துக்கு முன், கடைசியாக ஒருமுறை போனோம். அந்தமுறை அவர் நித்திரைகொள்ளவில்லை. முழுதும் முழித்திருந்து பார்த்தார். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேயிருந்தேன்; திரையின் வெளிச்சம் அவருடைய மூக்குக்கண்ணாடியில் மாறி மாறி விழுந்தது. வெளியே வந்து மெற்றோ வரைக்கும் நடந்தோம். வழமையான கேள்வி வரவில்லை. நான்தான் கேட்டேன், என்ன மாதிரி என்று.

"முழுக்கப் பாத்திட்டன்" என்றார். "இப்பவும் பிடிக்கேல்ல."

நான் சிரித்த சிரிப்பில் படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். கைபிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்சநேரம் நின்று சிரித்துவிட்டுத்தான் கீழே இறங்கினோம். அவர் போய் இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. அவருடைய எத்தனையோ நல்ல வார்த்தைகள் எனக்கு மறந்துகொண்டு வருகின்றன. இது மறக்கவில்லை. தனக்குப் பிடிக்காத ஒன்றுக்குள் ஒருவர் கண்ணை முழித்துக்கொண்டு முழுத்தூரம் நடந்து வந்திருக்கிறார், நான் அங்கே எங்கே போகிறேன் என்று பார்க்க.

ராசா, வருகிற மாதம் நீ இல்-பிசார் தீவில் புது வீட்டுக்குக் குடிபோவாய். அங்கே இரவில் பஸ்ஸும் இல்லை, சத்தமும் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழியில்லாத இடம் என்று சோஃபி சொல்லிச் சிரித்தாள். நல்ல பிள்ளை. உன்னைப்போல அவளுக்கு எல்லாம் கணக்காகச் சரிவரவேண்டும் என்றில்லை. உனக்கு வேண்டும், அது உன் பிழையல்ல, அப்பாவும் அப்படித்தான். அந்தப் படம் இன்னும் ஒரு கிழமை ஓடுகிறது என்று பார்த்தேன். அவளைக் கூட்டிக்கொண்டு போ. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ. அவள் அழுகிற இடத்தில் நீ அழவேண்டியதில்லை, விளங்கிய மாதிரி நடிக்கவும் வேண்டாம். நடிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். வெளியே வந்ததும் அவள் கேட்டால் உண்மையைச் சொல். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்.

முழுக்கப் பார்த்துவிட்டுச் சொல்.

அம்மா